சக்கர மூடியைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டர்பனில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் சக்கர மூடியில் சின்ன நெளிவு விழுந்ததுமே வேறு மூடி தேடி அலைகிறார்கள், தேவையே இல்லை. கழற்றி, மணல் மூட்டை மேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கமிருந்து மரச்சுத்தியலால் நெளிவின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாகத் தட்டினால் போதும். ஓங்கி அடித்தால் தகடு நீண்டு புடைத்துவிடும், அப்புறம் அதை அடக்குவது பெரும்பாடு.

கீறல் வேறு விஷயம். எவர்சில்வர் என்றால் 400, 800, 1500 எண் என்று படிப்படியாக நைசான உப்புத்தாளை ஈரத்தோடு தேய்த்து பாலிஷ் போடலாம். குரோமியம் பூசியதில் உப்புத்தாளே கூடாது, பூச்சு போனால் மறுபடி முலாம்தான். எது எவர்சில்வர், எது குரோமியம் பூசியது என்று காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பவர்களை நம்பாதீர்கள், சில எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும். பின்பக்கம் துரு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பெரும்பாலும் குரோமியம் பூசியதுதான்.

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்