தடங்கலுக்கு வருந்துகிறோம்

லெஸ்டர், இங்கிலாந்து
ஞாயிறு மாலை

அன்புள்ள மங்கை,

நலம். உன் நலமும் அண்ணன் நலமும் அறிய ஆவல்.

உன் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நடையை மட்டும் விடாமல் பார்த்துக்கொள். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சமதரையில் பரவாயில்லை, படி இறங்கும்போதுதான் உயிர் போகிறது. மொட்டை மாடியில் முல்லை வைத்திருக்கும் செய்தியை இரண்டு தரம் படித்தேன். இங்கே மே மாதம் பிறந்தும் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை.

நான் சொன்னேன் என்பதற்காக ‘திஸ் டைம் வித் ஆலன் பார்ட்ரிட்ஜ்’ முதல் வரிசையின் ஆறு பகுதிகளையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஸ்டீவ் கூகன் என்ற நடிகர், ஆலன் என்ற கற்பனைத் தொகுப்பாளராக வந்து உளறிக்கொட்டும் போலி நேரலை அது. பார்த்துவிட்டு நீ எழுதியது நாலு நாளாக என்னை விடவில்லை. “இந்த ஆள் செய்வதில் பத்தில் ஒரு பங்கு நாம் செய்திருந்தால் அன்று ராத்திரியே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எந்த நிலையம் இவனை மறுபடி உட்கார வைக்கும்? நம்ப முடியவில்லை, அதனால் சிரிக்கவும் முடியவில்லை” என்கிறாய். பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

முதலில் ஒன்று. எதைப் பார்த்து அந்தப் போலி செய்யப்பட்டதோ, அந்த அசலை நீ பார்த்ததில்லை. இங்கே ‘பி.பி.சி. ஒன்று’ என்ற தொலைக்காட்சி அலைவரிசையில் வார நாட்களில் மாலை ஏழு மணிக்கு ‘தி ஒன் ஷோ’ என்று ஒரு நேரலை உண்டு. 2006-இல் ஆரம்பித்தார்கள். சோபாவில் இரண்டு தொகுப்பாளர்கள், எதிரே விருந்தினர், நடுநடுவே முன்பே எடுத்து வைத்த சின்னச் சின்னப் படங்கள். ஒரு குழந்தையின் நோய் பற்றிய படம் முடிந்த கையோடு தோட்டத்து முள்ளெலிக்குப் போக வேண்டும். துக்கத்திலிருந்து முள்ளெலிக்குப் போக ஒரே ஒரு வாக்கியம்தான் இடம். வானொலி நிலையத்தில் இணைப்புரை எழுதிக் கை ஓய்ந்தவள் நீ, உனக்குச் சொல்ல வேண்டுமா? ஆலன் பார்ட்ரிட்ஜின் நகைச்சுவை பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. தமிழில் சப்டைட்டில் போட்டாலும் அது பிடிபடாது. இங்கே பல வருஷம் இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு அசலைப் பார்த்துப் பழகியதால் எனக்குப் பிடிபட்டது.

ஆனால் நான் உன்னோடு வழக்காட வருவது வேறு இடத்தில். நீ ஆலனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜென்னியைப் பார்த்தாயா? சூசன்னா ஃபீல்டிங் என்ற நடிகை. அவன் ஏதோ உளறத் தொடங்கியதும் அவள் சிரிப்பு மாறாது. கண் மட்டும் ஒரு கணம் காமிரா பக்கம் போய் வரும், எவ்வளவு நேரம் மிச்சம் என்று கணக்குப் போடுகிற கண். அதற்குள் அடுத்த வரியைப் பிடித்துக்கொள்வாள். அந்த முகத்தை நான் நம்பினேன். நேரலையில் கழுத்து வரை மூழ்கிய ஒரு தொழிற்காரியின் முகம் அது.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன சொன்னாலும் துரியோதனன் துரியோதனனாகவே நிற்கிறான். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டால் கூத்து அங்கேயே படுத்துவிடும். ஆலன் எவ்வளவு தூரம் போனாலும் நிகழ்ச்சி நிற்கிறது என்றால், சுற்றி இருக்கிற மற்ற எல்லோரும் அதை நிஜ நிகழ்ச்சியாகவே நடத்துகிறார்கள் என்பதுதான் காரணம். நேயர்கள் அனுப்பும் செய்திகளை வாசிக்கிற சைமன், டிம் கீ நடிப்பது, அந்தத் தொடுதிரையோடு போராடுவதைப் பார். திரை மக்கர் செய்கிறது, அவர் பேச்சு நிற்பதில்லை.

அந்த நாடக ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும். எட்டு மணி வானொலி நாடகம், இரண்டு ஸ்பூல் ஒலிநாடா. நான் கன்சோலில், நீ மைக்கில். முதல் ஸ்பூலுக்குப் பதில் இரண்டாவதைப் போட்டுவிட்டேன். இன்னும் கல்யாணமே ஆகாத பெண் புருஷனை நினைத்து அழுகிறாள்! டியூட்டி ஆபீசர் தாழ்வாரத்தில் ஓடி வரும் செருப்புச் சத்தம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது. நீ மைக்கின் ஒலியைக் கூட்டும் ஃபேடரை ஏற்றி, “தடங்கலுக்கு வருந்துகிறோம். நாடகம் தொடக்கத்திலிருந்து ஒலிபரப்பாகிறது” என்றாய். நீர்மட்டம் வைத்துப் பார்த்தாலும் ஏற்றத்தாழ்வு தெரியாத குரல். ஆனால் உன் கை கியூ ஷீட்டைக் கசக்கிக்கொண்டிருந்தது. கேட்டவர்களுக்குக் குரல் மட்டும்தான் போயிற்று, கையை நான் ஒருத்திதான் பார்த்தேன். ஜென்னியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அன்று ராத்திரி நம்மை வீட்டுக்கு அனுப்பவில்லை. மெமோ வந்தது, லாக் புக்கில் சிவப்பு மையில் எழுதினார்கள். மறுநாள் காலை ஒலிபரப்புக்கு வேறு ஆள் இல்லாததால் என்னையே வரச் சொன்னார்கள். மறந்துவிட்டாயா?

ஆலனும் அப்படித்தான் உள்ளே வருகிறான். வழக்கமான தொகுப்பாளர் ஜான் பாஸ்கெலுக்கு உடம்பு முடியாமல் போகிறது, யார் கையில் கிடைப்பார் என்று தேடுகிறார்கள், இவன் கிடைக்கிறான். பிறகு பாஸ்கெல் இறந்தும் போக, தற்காலிக ஏற்பாடு நிலைத்துவிடுகிறது. தொலைக்காட்சியில் இப்படி நடக்காது என்று யாராவது சொன்னால் நம்பலாம், நீ சொன்னால் எப்படி நம்புவேன்?

நீ கேட்கக்கூடிய அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும்: அவனுடைய பழைய சரித்திரம்? 1994-இல் பி.பி.சி. இரண்டில் ‘நோயிங் மீ நோயிங் யூ’ என்ற பெயரில் இதே ஆலன் ஓர் அரட்டை நிகழ்ச்சி நடத்தினான். ஆறு பகுதி. கடைசிப் பகுதியில் பழைய கைத்துப்பாக்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது விருந்தினரைச் சுட்டுவிடுகிறான், ஆள் அங்கேயே காலி. மறு வருஷக் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியில் வான்கோழிக்குள் கையைச் செருகிக்கொண்டு அதே கையால் பி.பி.சி. அதிகாரியை அறைகிறான். இத்தனைக்கும் பிறகு 2019-இல் கூப்பிட்டு உட்கார வைப்பார்களா என்றால், மாட்டார்கள். இந்த இடத்தில் நீ சொல்வது சரி. ஸ்டீவ் கூகனும் அவரோடு எழுதும் கிப்பன்ஸ் சகோதரர்களும் இந்த முடிச்சை அவிழ்க்கவே முயலவில்லை, கால் நூற்றாண்டு தானாக அவிழ்த்துவிட்டது என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பழைய நிகழ்ச்சியையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. 1994-இல் அரங்கில் நிஜமான பார்வையாளர்கள் இருந்தார்கள். கதைப்படி அவர்கள் ஆலனின் நிகழ்ச்சிக்கு வந்தவர்கள், நிஜத்தில் கூகனின் நகைச்சுவைக்கு வந்தவர்கள். விருந்தினர் செத்து விழும்போதும் சிரிப்பு கேட்கத்தான் செய்கிறது. கண்ணெதிரே கொலை நடந்தால் எந்தச் சபை சிரிக்கும்? அங்கே நம்பிக்கை கழன்றுவிடுகிறது. புதியதில் பார்வையாளரே இல்லை. அவன் ஏதாவது சொல்லிவிட்டு நிறுத்தினால் மயான அமைதி. பெரிய அரங்கில் ஏசியின் முணுமுணுப்பு மட்டும் இருக்கும் அந்த அமைதி நமக்குத் தெரிந்த அமைதி. எனக்குச் சிரிப்பு அதில்தான் வந்தது.

நீ குறிப்பிடாத ஒரு பெரிய ஓட்டையையும் நானே காட்டிக்கொடுத்துவிடுகிறேன். நடுவே படம் ஓடும்போது அரங்கில் நடப்பதையும் நமக்குக் காட்டுகிறார்கள். ஆலனின் உதவியாளர் லின் வந்து ஜென்னியைப் பற்றிக் காதில் ஓதிவிட்டுப் போகிறாள். வீட்டில் இருப்பவர்கள் அப்போது வேறு படத்தையல்லவா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? இதை யார் எடுக்கிறார்கள், யாருக்காக? சுத்தமான போலி நேரலை என்றால் இதற்கு இடமே இல்லை. முதலில் எனக்கும் உறுத்தியது. பிறகு பார்த்தால், அந்த ரகசியப் பேச்சுக்கெல்லாம் படம் முடிகிற வரைக்கும்தான் ஆயுள். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கை இறங்க இறங்க, சண்டை பாதியில் இருக்கும்போதே இருவர் முகத்திலும் சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த நெருக்கடி நேரலைக்கு மட்டுமே உரியது. ஆகவே காமிரா பொய், கடிகாரம் நிஜம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

முழுக்க முழுக்க நம்ப வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1992 அக்டோபர் 31 இரவு பி.பி.சி. ஒன்றில் ‘கோஸ்ட்வாட்ச்’ ஒளிபரப்பானது. லண்டன் புறநகரில் பேய் நடமாடும் வீட்டிலிருந்து நேரலை என்ற பாவனை. முன்பே பதிவு செய்யப்பட்ட நாடகம்தான், எழுதியவர் ஸ்டீபன் வோல்க். ஆனால் மைக்கேல் பார்க்கின்சன், சாரா கிரீன் போன்ற நிஜத் தொகுப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே வந்தார்கள், தொலைபேசி எண்ணும் நிஜ எண். சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் பார்த்தார்கள். ஏராளமானோர் பதறிப்போய் அழைத்தார்கள். பி.பி.சி. அதை இன்றுவரை மறுஒளிபரப்பு செய்யவில்லை. அன்று அங்கே யாரும் சிரிக்கவில்லை, மங்கை. பேய்க் கதைக்கு முழு நம்பிக்கை வேண்டும். நகைச்சுவைக்கு, இது பொய் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் தெரிந்தால்தான் மனசு இளகுகிறது. கூகனின் முகம் எல்லோருக்கும் தெரிந்த முகம் என்பதே அந்த மூலை.

ஐந்தாம் பகுதியைத் தயவுசெய்து இன்னொரு தரம் பார். ஆலனைப் போலவே முகம் கொண்ட அயர்லாந்து விவசாயி மார்ட்டின் பிரென்னன் வருகிறாரே, அது. இரண்டு பேரும் கூகன்தான். 2019 மார்ச்சில் வந்தபோது அயர்லாந்துக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அந்த மனிதர் பாடத் தொடங்குகிறார். பிரிட்டிஷ் படையைச் சண்டைக்கு அழைக்கும் பழைய கலகப் பாட்டு, அதுவும் பி.பி.சி.யின் சோபாவில், நேரலையில்! ஆலனுக்கு அதை வெட்டவும் முடியாது, விலகவும் முடியாது. மார்ட்டினோ எந்தக் குறும்பும் இல்லாமல், கல்யாண வீட்டில் பாடச் சொன்ன பெரியப்பா மாதிரி மனசாரப் பாடுகிறார். அவரை நான் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. ஒரே நடிகர் என்று தெரிந்திருந்தும்.

இரண்டாம் வரிசை 2021-இல் வந்தது, அதுவும் ஆறு பகுதி. பேரன் இந்த வார முடிவில் வருகிறான், உனக்கு அனுப்ப வழி இருக்கிறதா என்று அவனைக் கேட்கிறேன். இந்தத் தடவை ஆலனை விட்டுவிடு. ஜென்னியின் முகத்தையும் கையையும் மட்டும் பார்த்துவிட்டு எழுது. அப்போதும் நம்ப முடியவில்லை என்றால் நம்பவில்லை என்றே எழுது, உனக்காக வளைந்துகொடுக்க வேண்டாம்.

முல்லை எத்தனை மணிக்கு மலர்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கவனித்துச் சொல். இங்கே அதை யாரிடம் கேட்பேன்?

அண்ணனுக்கு என் வணக்கம்.

உன்
லலிதா