மங்கோச்சியில் பிரசவக் காத்திருப்பு இல்லம்: கூரை போட உதவுங்கள்

அன்புடையீர்,

வணக்கம். ஆப்பிரிக்க நாடான மலாவியில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து, மங்கோச்சி மாவட்டக் கிராமத்தார் ஒருசிலரோடு கூட்டாக, மாதம் நிறைந்த பெண்கள் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க ஓர் இல்லம் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

இந்த நாட்டில் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குக் காசு வாங்குவதில்லை. அங்கே போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. 2018 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 84 பேர் கிராமவாசிகள். மலாவி ஏரிக்கரையை விட்டு உள்ளே போனால் மண்சாலைதான். நவம்பரில் மழை பிடித்தால் ஏப்ரல் வரை சேறு. வலி கண்ட பெண்ணை ‘கபாசா’ என்னும் வாடகை சைக்கிளின் கேரியரில் உட்காரவைத்து, கூடவே ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவார். பிள்ளை பெற்றபின் உதிரப்போக்கு நிற்காவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். செவிலியர் பக்கத்தில் இருந்தால் குழந்தை பிறந்ததுமே உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போட்டுவிடுவார். முன்பு சிசேரியன் ஆனவர்களையும் இரட்டைக் குழந்தை சுமப்பவர்களையும் வலி வருமுன்பே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்.

மாதம் நிறைந்த பெண்கள் சில வாரம் முன்னதாகவே சுகாதார நிலையத்துக்கு வந்து தங்குவது மலாவியில் புதிதல்ல. 2012-இல் அதிபர் ஜாய்ஸ் பண்டா இதற்கென்றே காத்திருப்பு இல்லங்கள் கட்டும் திட்டம் தொடங்கினார். ஒரு லட்சம் பிரசவத்துக்கு 984 தாய்மார் இறந்ததாக 2004 ஆய்வு சொன்னது. 2015-16 ஆய்வில் அது 439. குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் 439 என்பதும் பொறுக்க முடியாத எண்ணிக்கைதான்.

நாங்கள் கைவைத்திருக்கும் சுகாதார நிலையத்தில் இப்போது இருப்பது ஒரே அறை. சிமென்ட் தரையில் பாய் விரித்து ஒருவர் கால்மாட்டில் இன்னொருவர் தலைவைத்துப் படுக்கிறார்கள். ஒவ்வொருவர் அருகிலும் பிரசவத்துக்கு வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டிய சாமான்: கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு பேசின், பிளேடு, இரண்டு மூன்று சிதென்ஜே (பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி). துணைக்கு வந்த அம்மாவோ மாமியாரோ இரவில் வெளித் திண்ணையில். சமையல் மரத்தடியில், மூன்று கல் வைத்து. மழை பெய்தால் அடுப்பு பற்றாது, ந்சிமா என்னும் சோளமாவுக் களி கிண்ட முடியாது. கொண்டுவந்த சோளமாவு தீர்ந்ததும், இன்றோ நாளையோ வலி வரும் என்று தெரிந்தே ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதனால்தான் சமையற்கூடத்தையும் துணைக்கு வருபவர்கள் தங்கும் அறையையும் திட்டத்தில் முதலில் வைத்தோம். அவை இல்லாமல் கட்டில் போட்டு என்ன பயன்?

ஆம்புலன்ஸ் வாங்கித் தரலாமே என்று சிலர் கேட்டார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு அடிக்கடி வருகிறது. 2023 நவம்பரில் நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்து, டாலரின் விலை 44 விழுக்காடு ஏறிய பிறகு இறக்குமதியாகும் எதையும் வாங்குவது கஷ்டம். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவியில் பெரும்பகுதியும் நிறுத்தப்பட்டது. டீசலுக்கு வழியில்லாமல் நிற்கும் வண்டியைவிட, ஒழுகாத கூரையே இங்கே உயிர் காக்கும் என்பது எங்கள் முடிவு.

ஊர்க்காரர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். அறுவடை முடிந்த கையோடு செங்கல் அறுத்துச் சூளை போட்டார்கள். மணலும் தண்ணீரும் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். சுவர் எழும்பி நிற்கிறது. இனி வேண்டியது கூரைத் தகரம், மரச்சட்டம், சிமென்ட், கதவு சன்னல், கட்டில், கொசுவலை, தண்ணீர்த் தொட்டி, சோலார் விளக்கு. இங்கே மலேரியா உள்ளதால் கொசுவலையைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம் என்று செவிலியர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மழைக்கு முன் கூரை ஏறியாக வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் பணம் கைக்கு வந்தால்தான் முடியும். ஒரு தகரத்துக்கான தொகையானாலும் சரி, ஒரு கட்டிலுக்கானது ஆனாலும் சரி, தயங்காமல் கொடுங்கள். பணமாகக் கொடுப்பதே நல்லது. பழைய துணி, மருந்து அனுப்ப வேண்டாம். பொருளாளர் ரசீது தருவார். மாதந்தோறும் வரவுசெலவும் கட்டடப் படங்களும் கொடுத்தவர் அனைவருக்கும் வந்து சேரும். வேலை முடிந்ததும் இல்லம் கிராமச் சுகாதாரக் குழுவின் பொறுப்பில் இருக்கும். சாவி அவர்களிடம், கணக்கு நோட்டும் அவர்களிடம்.

இப்படிக்கு,
கட்டடக் குழுவினர்