தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதே

அன்புக் கண்ணம்மா,

நீ அனுப்பிய படத்தை நேற்றிரவு மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன். ஒற்றைக் குச்சியாக நிற்கும் ஆனைப்புளிக் கன்று, அடியில் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும் இலைகள், பக்கத்தில் உன் தண்ணீர்க் குவளை. "செத்துப்போச்சு போலிருக்கும்மா, தினமும் தண்ணி ஊத்தியும் இலை நிக்கல, தொட்டியைக் காலி பண்ணிடவா?" என்று கேட்டிருந்தாய். முதலில் அந்தக் குவளையை எடுத்துத் தூர வை. அப்புறம் உட்கார்ந்து மீதியைப் படி.

ஆனைப்புளி இலையை உதிர்த்தால் அது சாவு இல்லை, தூக்கம். பாவோபாப், பெருக்க மரம் என்று எந்தப் பெயரால் அழைத்தாலும் அதன் குணம் இதுதான். ஆப்பிரிக்காவில் அது பிறந்த இடங்களை நினைத்துப் பார். மேற்கே செனகல், கிழக்கே சூடான், தெற்கே லிம்போபோ ஆற்றங்கரை வரை அது நிற்கும் நிலமெல்லாம் வருடத்தில் பல மாதம் மழையே காணாத நிலம். அந்த மாதங்களில் இலையை வைத்துக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் இலை வழியாகவே போய்விடும். அதனால் இலையை உதறிவிட்டு, அடிமரத்தில் சேர்த்து வைத்த தண்ணீரோடு சும்மா நிற்கும். உன் வீட்டுக்குள் மழைக்காலம், வறட்சிக்காலம் என்று எதுவும் கிடையாது. ஆனால் பகல் சுருங்கிவிட்டது, சன்னலோரம் குளிர்ந்துவிட்டது. அதற்குப் போதுமான செய்தி அது. தூங்கப் போய்விட்டது.

இந்த நேரத்தில் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல் தண்ணீர் ஊற்றுவதுதான். நான் செய்திருக்கிறேன், கண்ணம்மா. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது கொல்லையில் ஒரு கன்று வைத்திருந்தேனே, நினைவிருக்கிறதா? அது முதல் தடவை இலை உதிர்த்தபோது எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு. போதாததற்கு எருவும் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அடித்தண்டைத் தொட்டேன், பழுத்த பழம் போல விரல் உள்ளே போனது. பிடுங்கிப் பார்த்தால் வேர்க்கிழங்கு முழுக்க அழுகி நாற்றம். இலை இல்லாத வேர் தண்ணீரை இழுக்காது. இழுக்காத தண்ணீர் மண்ணிலேயே தேங்கும், தேங்கினால் வேர் அழுகும். இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நல்ல கன்று அது. அதை நானே கொன்றேன் என்ற வருத்தம் இன்றுவரை போகவில்லை. அதனால்தான் உன் படத்தைப் பார்த்ததும் பதறி எழுதுகிறேன்.

சரி, இப்போது உன் கன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மண்ணுக்கு ஒட்டினாற்போல அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்து. கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம். மேலே தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தாலும் பரவாயில்லை. சேமித்த தண்ணீரைச் செலவு செய்யும்போது இந்த மரம் மெலியும், பெரிய மரங்களுக்கே வறண்ட காலத்தில் சுற்றளவு குறையும். இன்னும் சந்தேகமாக இருந்தால் தண்டின் ஓர் இடத்தில் நகத்தால் மெல்லக் கீறிப் பார். சாம்பல் தோலுக்கு அடியில் பச்சை தெரிய வேண்டும். அந்தப் பச்சை வெறும் நிறம் இல்லை. இலை இல்லாத காலத்தில் இந்த மரம் தோலுக்கு அடியிலுள்ள அந்தப் பச்சையை வைத்தே வெயிலில் கொஞ்சம் உணவு தயாரித்துக்கொள்கிறது. பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. அடித்தண்டு கொழகொழவென்று இருந்தால் மட்டும்தான் கவலைப்பட வேண்டும்.

மண் இன்னும் சொதசொதவென்று இருக்கிறதா? அப்படியானால் காயும்வரை காத்திருக்காதே. கன்றை மெதுவாக வெளியே எடு. அதன் வேர் முள்ளங்கி மாதிரி தடித்த ஆணிவேர், முறித்துவிடாமல் மண்ணை உதறு. கறுத்து இளகிய பகுதி இருந்தால் சுத்தமான கத்தியால் நல்ல சதை தெரியும்வரை வெட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட வை. வெட்டுவாய் காய்ந்த பிறகு புது மண்ணில் நடு. இலையில்லாத காலத்தில் இடம் மாற்றினால் இந்த மரம் தாங்கிக்கொள்ளும், அந்த வகையில் இது நல்ல நேரம்தான். மண்ணில் பாதிக்குப் பாதி பெருமணலோ பொடிச் சரளையோ இருக்கட்டும். ஈரத்தைப் பிடித்து வைக்கிற தேங்காய் நார்த்தூள் வேண்டவே வேண்டாம். தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது நல்லது, மண் தொட்டியானால் இன்னும் நல்லது. அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று குனிந்து பார். தொட்டிக்கு அடியில் நீ வைத்திருக்கும் அந்த அழகான தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது.

அதன் பிறகு ஒன்றும் செய்யாதே. மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் சின்னக் கன்று என்பதால், மண் தூள் பறக்காமல் இருக்க நாலு ஸ்பூன் தண்ணீர் போதும். பதினைந்து டிகிரிக்குக் கீழே போகாத இடமாக இருக்கட்டும். சன்னல் கண்ணாடியில் இரவில் பனி படிகிறது என்றாயே, அங்கிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி வை. உறைபனி பட்டால் இளங்கன்று பிழைக்காது. ஹீட்டர் பக்கத்திலும் வேண்டாம், அந்த வறண்ட சூட்டில் செஞ்சிலந்தி வரும், இலைச்சாற்றை உறிஞ்சுகிற பொடிப் பூச்சி அது. துளிர் வந்த பிறகு இலையின் பின்புறத்தை அடிக்கடி திருப்பிப் பார். மெல்லிய வலை தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடு, மருந்து தேவைப்படாது.

துளிர் எப்போது வரும் என்று கேட்பாய். பகல் நீள ஆரம்பித்ததும் வரும். தண்ணீர் ஊற்றி அதை எழுப்ப முடியாது. மடகாஸ்கரில் இதன் சொந்தக்கார மரங்களை ஆராய்ந்தவர்கள் ஒன்று கண்டுபிடித்தார்கள். மழை வருவதற்கு முன்பே, மண் காய்ந்து கிடக்கும்போதே, அடிமரத்தில் சேர்த்த தண்ணீரைக் கொண்டு அவை புது இலை விடுகின்றன. மழைக்காகக் காத்திருப்பதில்லை. உன் கன்றும் அப்படித்தான். நுனியில் மொட்டு வீங்கி, பச்சை முனை நீட்டிய பிறகு நீ தண்ணீரைத் தொடங்கு, முதலில் கொஞ்சமாக. இலை விரிந்ததும் தாராளமாக ஊற்றலாம். ஊற்றினால் அடியோட்டை வழியே வெளியே வரும் அளவுக்கு ஊற்ற வேண்டும். பிறகு மேல்மண் இரண்டு விரல்கடை காயும்வரை தொடக்கூடாது. வளர்கிற மாதங்களில் வீட்டிலேயே அதிக வெயில் விழும் இடம் அதற்குத்தான். நீ வைத்திருக்கும் மற்ற செடிகளெல்லாம் கொஞ்சம் ஒதுங்கட்டும்.

அந்த விதைகளை நீ பிளாஸ்கில் ஊறப்போட்ட இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, கறுப்பு விதை ஒவ்வொன்றையும் உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தாய். "இவ்வளவு கெட்டி ஓடு எதுக்கும்மா?" என்று கேட்டாய். அன்று தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொன்னேன். காட்டில் யானையும் பபூன் குரங்கும் பழத்தைத் தின்று, விதை அவற்றின் வயிற்றுக்குள் போய் வெளியே வரும். அந்தப் பயணத்தைத் தாங்கத்தான் அந்த ஓடு. வயிற்றில் நடக்கும் வேலையைத்தான் நீ உப்புத்தாளாலும் வெந்நீராலும் செய்தாய். பன்னிரண்டில் மூன்று முளைத்தன, அதில் ஒன்று நின்றது. அது தொட்டியில் தூங்குகிற இதுதான்.

முளைத்தபோது வந்த இலையைப் பார்த்து, "இது வேற ஏதோ செடி, ஏமாந்துட்டோம்" என்றாய். குழந்தைப் பருவத்தில் இதற்கு ஒற்றை இலைதான். வளர வளரத்தான் ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று கைவிரல் மாதிரி சிற்றிலைகள் விரியும். அதன் தாவரப் பெயரான அடன்சோனியா டிஜிட்டேட்டாவில் இரண்டாவது பாதி அந்த விரல்களைத்தான் சொல்கிறது. முதல் பாதி மிஷேல் அடான்சன் என்ற பிரெஞ்சுக்காரருடையது. 1749இல் செனகலுக்குப் போன அவர், மாலுமிகள் பழைய காலத்தில் மரத்தில் செதுக்கிய பெயர்களை அளந்து பார்த்து, இவற்றுக்கு ஐயாயிரம் வயது இருக்கும் என்று கணக்குப் போட்டார். கணக்கு மிகை. ஆனால் சிம்பாப்வேயில் பாங்கே என்று அழைக்கப்பட்ட மரத்துக்குக் கரிமக் கணக்குப்படி, அதாவது மரக்கட்டையில் இருக்கும் கரிமத்தை அளந்து வயது கணிக்கும் முறைப்படி, ஏறக்குறைய 2,450 வயது. அது 2011 வாக்கில் விழுந்துவிட்டது. 2018இல் வந்த ஓர் ஆய்வு, மிகப் பழைய பதின்மூன்று மரங்களில் ஒன்பது, முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் முழுதாகவோ பகுதியாகவோ மாண்டுபோயின என்றது. காலநிலை மாற்றம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். அதைப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கடுத்த வாரம்தான் நான் இரண்டாவது கன்றுக்கு விதை ஊறப்போட்டேன். உன்னையும் போடச் சொன்னது அதன் பிறகுதான்.

பெரிய மரத்தின் தோலை உரித்தாலும் மறுபடி வளர்ந்துவிடும், இது உனக்குத் தெரியுமா? ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக நார் எடுத்துக் கயிறு திரிக்கிறார்கள், மரம் சாவதில்லை. சூடானின் கோர்டோபான் பக்கம் அடிமரத்தைக் குடைந்து மழைநீரை நிரப்பி வைத்துக் கோடை முழுக்கக் குடித்திருக்கிறார்கள். அப்படிக் குடைந்த மரமும் துளிர்த்துக்கொண்டுதான் இருந்தது. இவ்வளவு தாங்குகிற மரம் உன் சன்னலோரத்தில் நாலு மாதம் இலையில்லாமல் நிற்பதைத் தாங்காதா?

என்னுடைய இரண்டாவது மரம் இன்னும் பூக்கவில்லை. விதையிலிருந்து வந்த மரம் பூக்க எட்டு வருடமும் ஆகலாம், இருபதும் ஆகலாம். அந்தப் பூ இருட்டும் நேரத்தில் விரியுமாம், தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூ, வௌவால் தேடி வருகிற மாதிரி ஒரு வீச்சம் அடிக்கும். மறுநாளே உதிர்ந்துவிடும். பூக்கும் வருடம் நீ இங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. மொட்டு கண்ணில் பட்டதும் சொல்கிறேன், டிக்கெட் பார்த்துக்கொள்ளலாம்.

தொட்டியை எங்கேயும் போடாதே. குவளையை அலமாரியில் வைத்துவிட்டு, இப்போதே போய்க் கட்டைவிரலால் அடித்தண்டை அழுத்திப் பார். கெட்டியா, இளகலா என்று எத்தனை மணியானாலும் எனக்கு எழுது. நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா