விலக விலகக் குறைவது எந்த விசை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு அறிவியல் பக்கத்தில், "காந்தத்தைப் போல, குவார்க்குகள் விலக விலக அவற்றை இணைக்கும் விசையும் குறைந்துபோகும்" என்று ஒரு வரி. குவார்க்கு என்பது புரோத்தனுக்கும் நியூத்திரனுக்கும் உள்ளே இருக்கும் அடிப்படைத் துணிக்கை. யார் எழுதினார், யார் சரிபார்த்தார் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்குத் தெரியாததா?

மின்காந்த விசையைக் காவும் ஒளித்துணிக்கையான போட்டனுக்கு மின்னேற்றம் கிடையாது. குவார்க்குகளைப் பிணைக்கும் வன்விசையைக் காவும் குளுவொன் அப்படியல்ல; அதுவே நிற ஏற்றத்தைச் சுமக்கிறது. நிறம் என்றால் கண்ணால் காணும் நிறமல்ல, வன்விசைக்குரிய ஏற்றத்துக்கு வைத்த பெயர். அதனால் குளுவொன்கள் குவார்க்குகளோடு மட்டுமன்றித் தமக்குள்ளும் இழுபடுகின்றன. புலம் நாலாபக்கமும் பரவி மெலியாமல், இரண்டு குவார்க்குகளுக்கும் நடுவே ஒடுங்கிய குழாயாக அடைபடுகிறது. இழுக்க இழுக்கச் சக்தி ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அந்தச் சக்தியிலிருந்தே புதிய குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சோடியாகப் பிறந்துவிடும். தனிக் குவார்க்கை எவரும் பிரித்தெடுக்க முடியாதது இதனால்தான். விசை மெலிவது அவை மிக நெருங்கும்போது. இதை 1973 இல் காட்டியதற்குத்தான் குரொஸ், பொலிட்சர், வில்செக் மூவருக்கும் 2004 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீங்களும் செய்தி போட்டீர்கள். வெட்டி வைத்திருந்தேன், 2009 யுத்தத்தில் வீட்டோடு போய்விட்டது. உங்கள் கோப்பில் கிடக்கும், எடுத்துப் பாருங்கள்.

அதே கட்டுரை மூன்று நிறத்தை மூன்று எதிர்நிறத்தால் பெருக்கி, குளுவொன் ஒன்பது வகை என்கிறது. வாய்ப்பாடு சரி, பாராட்டுகள். ஆனால் குளுவொன் எட்டு வகைதான். ஒன்பதாவது, நிறமே மிஞ்சாத கலவை. அப்படி ஒன்று இருந்திருந்தால் வன்விசை அணுக்கருவோடு நில்லாமல் நெடுந்தூரம் எட்டியிருக்கும்.

போன வருடம் உயர்தர மாதிரி வினாத்தாளில் ஒரு விடையை மாற்றிப் போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. வன்னி என்றால் உங்களுக்கு யானையும் வெள்ளமும்தான். பத்திரிகையே எங்கள் கைக்கு வர மத்தியானம் ஆகிறது. சரி, அதையும் பொறுத்துக்கொண்டோம்.

ஆனால் ரியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டுகிறார்கள். இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், தறப்பாளுக்குக் கீழே, கரும்பலகையும் இல்லாமல் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். அந்த நிலையிலும் ஒரு சமன்பாட்டைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காமல் சொல்லிக் கொடுத்ததில்லை. புத்தகம் இருந்த பிள்ளையைத் தேடி அடுத்த வலயத்து வேலிவரை போயிருக்கிறேன். குளிரூட்டிய அறையில் இருந்து எழுதுகிறவருக்கு என்ன நெருக்கடியோ, நானறியேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இராசிபலனுக்குக் கீழே, பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு இடம் போதாவிட்டால் என் புலம்பலை வெட்டுங்கள். குளுவொன் பகுதியில் மட்டும் தயவுசெய்து கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.