எங்கள் மகளின் இருமலுக்குக் காரணம் கண்டறிந்தவர்களுக்கு

பெருமதிப்பிற்குரிய குழந்தைகள் நல மருத்துவருக்கும், அவருடன் பணிபுரியும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

எங்கள் நான்கு வயது மகளின் இருமல் நின்று ஆறு மாதங்கள் ஆகின்றன. மழைக்காலமும் கடந்து, அது திரும்பவில்லை என்று உறுதியான பின்பே எழுத வேண்டும் என்று காத்திருந்தோம்.

உங்களிடம் வருவதற்கு முன் ஒன்பது வாரங்கள் அவள் விடாமல் இருமினாள். வேறோரிடத்தில் ஆஸ்துமா என்று சொல்லிக் கொடுத்த இன்ஹேலர் பயன் தரவில்லை. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கில் தணிந்த இருமல், மருந்து முடிந்த வாரமே திரும்பியது. நீங்களோ கோப்பைப் பிரிப்பதற்கு முன், அவள் இருமும்வரை பொறுத்திருந்து காதுகொடுத்துக் கேட்டீர்கள். இது வறட்டு இருமல் அன்று, சளி இருமல் என்று நீங்கள் பிரித்தறிந்த அந்த இடத்திலிருந்துதான் எல்லாம் தெளிந்தது. வேர்க்கடலை ஏதேனும் புரையேறியதா, எடை குறைந்ததா, விரல் நுனிகள் பருத்துள்ளனவா என ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். அவள் தாத்தாவுக்குக் காசநோய் இருந்ததை அறிந்ததும், சிறு பிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதால், அதிகாலை வெறும் வயிற்றில் குழாய் வழியே இரைப்பை நீரை எடுத்துச் சோதிக்கச் செய்தீர்கள். அப்போது அவளை மடியில் வைத்துக் கதை சொன்ன செவிலியர் அக்காவை அவள் இன்றும் விசாரிக்கிறாள். காசநோய் இல்லை என்று முடிவு வந்தது.

பிறகு, இது நீடித்த பாக்டீரியா மூச்சுக்குழாய் அழற்சி என்று சொல்லி, ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினீர்கள். வைரஸ் தொற்றில் மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் பழுதடைய, தேங்கிய சளியில் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே போன்ற பாக்டீரியாக்கள் படலம் கட்டிக் குடியேறுகின்றன. அவற்றை அழிக்கத் திரளும் வெள்ளணுக்கள் உமிழும் நொதிகள் குழாயின் சுவரையும் அரிக்கின்றன. மீண்டும் மீண்டும் இப்படி நேர்ந்தால் குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோகக்கூடும். படலத்துக்குள் ஒளிந்தவை குறுகிய நாள் மருந்துக்கு அசைவதில்லை என்பதால் இரண்டு வாரங்கள் முழுமையாகக் கொடுக்கச் சொன்னீர்கள். பதினோராம் நாள் இரவு எங்கள் வீடு விழிக்காமல் உறங்கியது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜூலி மார்ச்சண்ட், ஆன் சாங் உள்ளிட்டோர் 108 குழந்தைகளை ஆராய்ந்து, 2006இல் இந்நோயே அவர்களின் நாள்பட்ட இருமலுக்கு முதன்மைக் காரணம் என்று காட்டியதை உங்களிடமிருந்தே அறிந்தோம். 2012இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இரண்டு வார மருந்து பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கும், ஒப்பிடுவதற்காக மருந்துச் சத்தில்லாத போலி மருந்து பெற்றவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் இருமல் நின்றது. தம் பிள்ளைக்குக் கிடைப்பது எதுவென்று அறியாமலே அதற்கு இசைந்த, முகமறியாத அந்தப் பெற்றோருக்கும் எங்கள் நன்றி உரியது.

நன்றியுடன்,
ஒரு தாயும் தந்தையும்