செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் ஐயா அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியை நடுவாகக் கொண்டு இயங்கும் நம் மாற்றுத்திறனாளி இளையோர் சங்கத்தின் 2025 ஆம் ஆண்டு அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன்.

வழமையானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கல் விழா நடந்தது. நிர்வாக சபை சித்திரை மாதம் தவிர மற்ற மாதங்களில் கூடியது. மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன், உதவியாளருடன் சென்று வாக்களிப்பது பற்றி விளக்கக் கூட்டம் ஒன்று வைத்தோம். டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தின நிகழ்வு டித்வா புயலால் நடக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி அளவெடுப்பு வேலை, அதாவது பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் புழங்க வசதி இருக்கிறதா என்று நேரில் போய் அளந்து பார்க்கும் வேலை. நான் முன்மொழிந்து நானே முன்னின்று செய்த வேலை இது. சென்ற பொதுக்கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பும் இருந்ததால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "அளந்து என்ன செய்யப் போறீங்கள் அக்கா? பொதி தாற ஆக்களைக் கூப்பிட்டால் ஆளுக்கொரு பையாவது கிடைக்கும்" என்று அன்று ஒருவர் கேட்டார். நிவாரணப் பொதி தருபவர்களை நான் குறை சொல்லவில்லை. கஷ்டமான காலத்தில் அவர்களால் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஆனால் பொதி வாங்கப் போன மண்டபத்தின் படியில் நம் அங்கத்தவர்களை நான்கு பேர் தூக்கி ஏற்ற வேண்டியிருந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 1996 இலேயே வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களில் நாம் புழங்க வசதி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாகின. ஏற்கனவே இருந்த கட்டடங்களைத் திருத்த 3 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா உச்ச நீதிமன்றம் வரை போனதால், புதிய பொதுக் கட்டடங்களில் இந்த வசதி கட்டாயம் என்று 2011 ஏப்ரலில் உத்தரவும் கிடைத்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 இல் உறுதிப்படுத்தியது.

மற்ற ஊர்களில், கட்டடம் பழையது, அந்தக் காலத்தில் இப்படிச் சட்டம் இல்லை என்று சொல்லலாம். கிளிநொச்சி உள்ளிட்ட நம் வன்னியில் அப்படிச் சொல்ல முடியாது. நம்முடைய அலுவலகங்களும் வங்கிகளும் சந்தைகளும் பெரும்பாலும் போர் முடிந்த 2009 க்குப் பிறகு அத்திவாரத்திலிருந்து கட்டப்பட்டவை. அவற்றின் வரைபடம் மேசைக்கு வந்த நாளில் இந்த ஒழுங்குவிதி நடைமுறையில் இருந்தது. போரில் கை கால் இழந்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் மண்ணில், புதிதாகக் கட்டும்போதே படியை வைத்துக் கட்டினார்கள். இதைத்தான் ஆண்டு முழுவதும் எழுத்திலும் நேரிலும் சொன்னோம்.

அளவெடுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். சிலர் 2009 இல் குழந்தைகளாக இருந்து காயப்பட்டவர்கள், சிலர் பிறப்பிலேயே குறைபாடு உள்ளவர்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் தங்கச்சி, படிக்குப் பதிலாக அமைக்கும் சரிவான பாதையான சாய்தளத்தில் தானே ஏறிப் பார்ப்பார். பார்வையற்ற தம்பி கைபிடியைத் தடவிக்கொண்டே போய், எந்த இடத்தில் அது அறுகிறது என்று சொல்வார். காது கேளாத பிள்ளை அளவுகளைக் குறித்துப் படம் எடுப்பார். அவருடைய அக்கா சைகையில் பேசி உதவினார். அளவு நாடாவை நான் பிடித்தேன்.

ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஒன்றரை அடி உயர வாசலுக்கு 18 அடி வேண்டும். நாம் பார்த்தவற்றில் பல, ஐந்தாறு அடியிலேயே முடிந்துவிட்டன. அவற்றில் தனியாக ஏறினால் நாற்காலி பின்னால் சரியும். ஓர் இடத்தில் சாய்தளத்தின் மேல் முனையில் பூச்சாடி வரிசை. இன்னோர் இடத்தில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய மலசலகூடத்தில் பழைய கோப்புகள் அடுக்கியிருந்தன, திறப்பு வைத்திருப்பவர் லீவில் போயிருந்தார். சாய்தளம் சரியாக இருந்த இடத்திலும் வரிசை இலக்கத்தை வாயால்தான் கூப்பிடுகிறார்கள். காது கேளாதவர் தன் முறை போனதே தெரியாமல் வாங்கில் உட்கார்ந்திருப்பார்.

எல்லாவற்றையும் படங்களோடு அந்தந்த அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் வராத இடங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று தெரிந்ததும் சில இடங்களில் பேச்சின் தொனியே மாறியது. ஓர் அலுவலகம் சாய்தளத்தை உடைத்து மறுபடி கட்டியது. கொங்கிரீட் போடுவதற்கு முன் நம் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மற்றவர்கள் நிதி இல்லை என்கிறார்கள். பூச்சாடியை நகர்த்த நிதி தேவையில்லை என்று அவர்களுக்குப் பதில் எழுதியிருக்கிறோம்.

புயல் நேரத்தில் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். ஒலிபெருக்கியில் அறிவித்தபடி வாகனம் போனது. காது கேளாத நம் அங்கத்தவர் ஒருவர் முற்றத்துக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் விஷயம் அறிந்தார். இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய பாடசாலை ஒன்றில் மலசலகூடத்துக்குப் போக முடியாததால் ஒரு பிள்ளை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதைக் கேட்ட பிறகு எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். வரவுக்கும் செலவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கையிருப்பு என்று சிறு தொகை வங்கியில் இருக்கிறது. பெருஞ்செலவு ஆட்டோக் கூலிக்கும் படப் பிரதிகளுக்கும் போனது.

சந்தா மாதம் 50 ரூபா. அரைவாசிப் பேருக்கு மேல் கட்டவில்லை. கொடுப்பனவு கிடைக்காதவர்களிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் குறைந்த வருமான மாற்றுத்திறனாளிகளுக்கான அரச உதவி இந்த ஆண்டு 7,500 இலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. அதை வாங்குபவர்களும் சந்தாவைத் தள்ளிப் போடுவது சங்கத்துக்கு நல்லதல்ல. கூட்டங்களுக்கும் வேலைகளுக்கும் வருவதும் அப்படித்தான். கிறவல் வீதி மாரியில் சேறாகிவிட்டால் நாற்காலி வராது, அது எனக்குத் தெரியும். மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் "வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டு வராமல் விட்டதைத்தான் சொல்கிறேன். அளவெடுப்புக்கு வந்தது திரும்பத் திரும்ப அதே ஆறேழு பேர். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரும் ஒருமுறை கூடவே வந்து பார்க்கலாம்.

மண்டபம் தந்த சனசமூக நிலையத்துக்கும், காசு குறைத்து ஓடிய ஆட்டோத் தம்பிகளுக்கும், நேரம் ஒதுக்கிக் கேட்ட சமூக சேவை உத்தியோகத்தர்களுக்கும், தேநீர் தந்த அம்மாமாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில், அடுத்த மாரிக்கு முன் இடைத்தங்கல் முகாமாகும் பாடசாலைகளை அளந்து முடிக்க வேண்டும். காது கேளாதோர் வீட்டு விபரத்தைக் கிராம அலுவலர்களிடம் கொடுத்து, வெள்ள நேரத்தில் ஆள் நேரில் போய்ச் சொல்ல ஏற்பாடு கேட்க வேண்டும். ஆறேழு பேரால் இது ஏலாது. செயலாளராகத் தொடரச் சொன்னால் தொடர்வேன். ஆனால் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் இரண்டு பேர் இன்றே பெயர் தர வேண்டும். பெயர் எழுதும் கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது, சந்தா பற்றுச்சீட்டுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது. இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்