ராணுவ லாரிக்குக் கதவு விளக்கு கட்டாயம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவம் கழித்துவிட்ட பழைய லாரிகளை ஏலத்தில் எடுத்துச் சரிசெய்து ஓட்டுகிறவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் அவ்வப்போது படிக்கிறேன். எஞ்சின் பற்றி எழுதுகிறார்கள், டயர் பற்றி எழுதுகிறார்கள், சேற்றிலும் பாறையிலும் எப்படி ஏறுகிறது என்று படம் போடுகிறார்கள். ஆனால் ராத்திரியில் அந்த வண்டியின் கதவைத் திறந்தால் உள்ளே கை இருக்கும் இடம்கூடத் தெரியாது என்பதை யாரும் எழுதுவதில்லை. கதவைத் திறந்ததும் எரிந்து, மூடியதும் அணையும் ஒரு சின்ன விளக்கு. சாதாரண காரில் அதை நாம் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. இந்த லாரிகளில் அது இல்லாதது பெரிய குறை, அதைப் போட்டுக்கொள்வது சொகுசு அல்ல, பாதுகாப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். செலவை மிச்சம் பிடிக்க அல்ல, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. போர்முனையில் ஒருவன் கதவைத் திறந்ததும் கேபினுக்குள் வெளிச்சம் வந்தால், வண்டி எங்கே நிற்கிறது, அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தூரத்தில் இருக்கும் எதிரிக்கு நாமே காட்டிக்கொடுத்த மாதிரி. அமெரிக்க ராணுவத்தின் எம்35 இரண்டரை டன் லாரியில் இருக்கும் விளக்கு சுவிட்சைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மூன்று நெம்புகள் உள்ள சுவிட்ச் அது, அதில் ஒன்று பூட்டு. மங்கலான இருட்டடிப்பு அடையாள விளக்குக்குப் பூட்டை விலக்காமலே போகலாம், பெரிய ஹெட்லைட்டுக்குப் போக வேண்டுமானால் பூட்டு நெம்பை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருப்ப வேண்டும். தெரியாமல் கை பட்டு வெளிச்சம் வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அப்புறம் கண் விஷயமும் இருக்கிறது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், பளீரென்ற வெள்ளை வெளிச்சம் ஒரு முறை பட்டால் அந்தப் பழக்கம் போய்விடும், திரும்ப முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

ராணுவத்துக்கு அது சரி. வண்டி இப்போது ராணுவத்தில் இல்லையே. கேபின் தரையிலிருந்து வெகு உயரத்தில் இருக்கிறது, படி என்பது ஒரு இரும்புத் துண்டு, மழை பெய்தால் வழுக்கும், ஏறும்போது ஒரு கை கைப்பிடியிலும் மறு கை கதவிலும் இருக்கும், டார்ச் பிடிக்கக் கை மிச்சம் இருக்காது. உள்ளே காலை வைத்தால் தரையில் கியர் கம்பிகள், ஹேண்ட்பிரேக், யாரோ விட்டுப்போன ஜாக் கம்பி. இறங்குவது இன்னும் மோசம், கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் பின்பக்கமாக இறங்குகிறோம். இதையெல்லாம் ஒரு விளக்கு தீர்த்துவிடும் என்கிறபோது "அசல் தன்மை கெட்டுவிடும்" என்று சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அசல் ஒயரிங்கை வெட்டினால்தான் கெடும். தனி ஒயர், தனி ஃப்யூஸ் என்று போட்டால் நாளை ஒருவர் நினைத்தால் அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம், வண்டி பழையபடியே இருக்கும். அதனால் அசல் ஒயர் கட்டில் கத்தி வைக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது வேண்டுகோள் இன்னும் முக்கியம். இந்த லாரிகளில் பெரும்பாலானவை 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். கையில் காரின் 12 வோல்ட் விளக்கு இருக்கிறதே என்று இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுகிறார்கள், இதைப் பலர் செய்து பார்த்திருக்கிறேன், எனக்கு மனசு கொதிக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் இரண்டு பேட்டரிக்கும் ஒரே கரன்டைத்தான் அனுப்பும். ஒன்றிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தால் அது எப்போதும் அரைகுறையாகச் சார்ஜ் ஆகும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும், கடைசியில் இரண்டுமே போகும். 12 வோல்ட்தான் வேண்டும் என்றால் 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். அதைவிட எளிது, நேராக 24 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. விளக்கு வாங்குவது. அதிலும் 9 முதல் 32 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் எஞ்சின் ஓடும்போது 28 வோல்ட் வரும். பேட்டரி இணைப்பு விட்டுப்போய் ஆல்டர்னேட்டர் மட்டும் வண்டிக்கு மின்சாரம் தரும் நேரத்தில் ஒரு கணம் 100 வோல்ட் வரை எகிறலாம் என்று வைத்துத்தான் அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்.டி.டி. 1275 தரநிலையே எழுதப்பட்டிருக்கிறது. மலிவான விளக்கு அதில் கருகிப்போனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சர்க்யூட் மிக எளிது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து விளக்கு, விளக்கின் மைனஸ் ஒயர் இரண்டு கதவுகளின் சுவிட்சுகளுக்கும் பிரிந்து போகும். கதவு மூடியிருக்கும்போது சுவிட்சின் குமிழ் அமுங்கி இணைப்பு அறுந்திருக்கும், திறந்தால் குமிழ் வெளியே வந்து ஒயரைப் பாடியோடு, அதாவது பேட்டரி மைனஸ் இணைந்திருக்கும் வண்டியின் இரும்பு உடலோடு, சேர்க்கும், எந்தக் கதவைத் திறந்தாலும் விளக்கு எரியும். சுவிட்சை பிளஸ் பக்கம் வைக்காமல் எர்த் பக்கம், அதாவது பாடிப் பக்கம், வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கதவு ஓரத்தில் போகும் ஒயர் என்றாவது நசுங்கும், தோல் உரியும், அப்போது அது பாடியைத் தொட்டால் விளக்கு சும்மா எரியும், அவ்வளவுதான். பிளஸ் ஒயராக இருந்தால் ஷார்ட். ஒரு சில பழைய வண்டிகளில் பாடி பிளஸ்ஸாக இருக்கும், எனவே ஆரம்பிக்கும் முன் மல்டிமீட்டரால் பார்த்துவிடுங்கள்.

சுவிட்ச் பொருத்துவதில்தான் வேலையே இருக்கிறது. ராணுவக் கதவு காரின் கதவு மாதிரி கச்சிதமாக உட்காராது, தகடு, கீல் தேய்ந்திருக்கும், மூடினாலும் ஆடும். குமிழ் சுவிட்சின் ஓட்டம் கொஞ்சம்தான் என்பதால் தாழ்ப்பாள் பக்கம் வைத்தால் குலுக்கலில் மினுக் மினுக் என்று எரிந்துகொண்டே வரும். கீல் பக்கத் தூணில், கீலுக்கு அருகில் வையுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. அதுவும் ஒத்துவரவில்லை என்றால் காந்தத்தால் வேலை செய்யும் ரீட் சுவிட்ச் போடலாம், இடைவெளி கொஞ்சம் கூடினாலும் தாங்கும், தண்ணீர் புகாது. ஒன்று மட்டும், காந்தத்தை நேராக இரும்புத் தகட்டில் ஒட்டினால் அதன் பலம் தகட்டிலேயே போய்விடும், நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு கொடுத்து உயர்த்துங்கள்.

எர்த் பிடிப்பதில் பெயின்ட் ஒரு தொல்லை. 1980களிலிருந்து அமெரிக்க ராணுவ வண்டிகளுக்கு அடிக்கும் ரசாயனத் தாக்குதலைத் தாங்கும் பெயின்ட் சும்மா திருகாணி முறுக்கினால் மின்சாரத்துக்கு வழிவிடாது. வாஷர் உட்காரும் வட்டம் மட்டும் வெள்ளி மாதிரி மின்னும் வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், இணைப்பு போட்ட பிறகு மேலே கிரீஸ் தடவ வேண்டும், இல்லையென்றால் துரு ஏறி விளக்கு மங்கும். அந்தப் பெயின்ட் தூசியும் அடியில் இருக்கும் பிரைமர் தூசியும் நுரையீரலுக்குக் கேடு, பழைய பிரைமரில் குரோமியம் இருக்கும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், இதில் அலட்சியம் வேண்டாம்.

கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டும் வண்டிகளும் உண்டு. கதவே இல்லை என்றால் சுவிட்சுக்கு எப்போதும் "திறந்திருக்கிறது" என்றுதான் தெரியும், விளக்கு நாள் முழுக்க எரியும். அதனால் டாஷ்போர்டில் மூன்று நிலை சுவிட்ச் ஒன்று அவசியம்: அணை, கதவோடு, எப்போதும். இதைப் போடாமல் விடுபவர்கள்தான் பிறகு பேட்டரி இறங்குகிறது என்று விளக்கையே பிடுங்கிப் போடுகிறார்கள். கணக்கு இதுதான்: 10 வாட் பழைய பல்பு இரண்டு எரிந்தால் 24 வோல்ட்டில் சுமார் 0.83 ஆம்பியர், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து நாளில் காலி, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவது அதற்கு வெகு முன்பே. மொத்தம் 3 வாட் எல்.இ.டி. என்றால் 0.125 ஆம்பியர், ஏட்டுக்கணக்கில் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். வாரக்கணக்கில் நின்றபடியே இருக்கும் வண்டிக்கு இந்த வித்தியாசம் உயிர் மாதிரி.

பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் மாஸ்டர் சுவிட்ச் இருந்தால் விளக்கை அதற்கு முன்னே இணைப்பதா, பின்னே இணைப்பதா? மாஸ்டர் சுவிட்ச் கேபினுக்குள் இருந்தால் முன்னே இணையுங்கள் என்பேன், அந்த சுவிட்சைத் தேடுவதற்கே வெளிச்சம் வேண்டுமே. வெளியே இருந்தால் பின்னே, மறந்துபோன விளக்கு பேட்டரியைக் குடிக்காது.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கதவோடு எரிவதைச் சிவப்பாகவும் மங்கலாகவும் வைத்து, அதைப் படியையும் தரையையும் பார்த்துத் திருப்பிவிடுங்கள், வெள்ளையைத் தனி சுவிட்சில் வையுங்கள். இருட்டில் பார்க்க உதவும் கண் செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைக்காது, ஏறி உட்கார்ந்து உடனே வண்டியை எடுக்கலாம். சிவப்பு வெளிச்சத்தில் வரைபடத்தில் இருக்கும் சிவப்புக் கோடுகள் மறைந்துபோகும் என்பது பழைய பிரச்சினை, படிக்க வேண்டியிருந்தால் வெள்ளையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த லாரிகளைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது கதவு விளக்குக்கும் அரைப் பக்கம் ஒதுக்கி, ஒயரிங் வரைபடத்தோடு போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் எந்த நிற ஒயர் எங்கே போகிறது, ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து கேபினிலேயே ஒட்டி வையுங்கள், வண்டி கை மாறும்போது வாங்குகிறவர் ஒயரை வெட்டி வெட்டித் தேட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
பழைய ராணுவ லாரி ஒன்றைப் பராமரித்துவரும் வாசகர்